பட்டமும் பட்டாவும்

தமிழில் "பட்டம்" ஒரு விசித்திரமான சொல். அரசன் சூட்டிக்கொள்வதும் பட்டம். கலாசாலையில் படித்து முடித்தவன் பெற்றுக்கொள்வதும் பட்டம். ஆடிக் காற்றில் பிள்ளைகள் பறக்கவிடுவதும் பட்டம். மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. காற்று இருக்கும் வரையில்தான் அவை உயரே நிற்கும். "பட்டா" என்பதோ வேறு ஜாதி. அது தரையில் நிற்பது. தாசில்தார் முத்திரை வைத்த அந்த ஒரு காகிதத்துக்கு எந்தக் காற்றும் தேவையில்லை.

எனக்குப் பட்டம் ஒன்று உண்டு. இருபத்து மூன்று வயதில் எம்.ஏ. ஆனேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயருக்கு அது போதும். ஆனால் பட்டா கிடையாது. அதற்குப் பதிலாக என் தகப்பனார் எனக்கு ஒரு வியாஜ்யத்தை வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பாட்டனாரின் வீடு கிராமத்தில் இருக்கிறது. திண்ணையும் கூடமும் முற்றமும் உள்ள பழைய வீடு. அதில் பாதி தம்முடையது என்பது தகப்பனாரின் பாத்தியதை. முழுவதும் தங்களுடைய அனுபவத்தில் இருக்கிறது என்பது பெரியப்பா குடும்பத்தாரின் பதில். 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கு, முன்சீப் கோர்ட்டில் ஜயித்து, அப்பீலில் தோற்று, மறுபடியும் விசாரணைக்குத் திரும்பி வந்து, அதற்குள் தகப்பனாரையே முந்திக்கொண்டு கிழவனாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் குடியிருந்த அவரை உறவினர்கள் எல்லாரும் "பெரிய வீட்டார்" என்றே அழைத்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளின் உறைமேல்கூட அப்படித்தான் எழுதி வரும். அவரும் அதை மறுத்ததில்லை. அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பித்தளைச் சாவி இருந்தது. அந்த வீட்டின் வாசற்கதவுச் சாவி. வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜையன்று, அதைப் புளி போட்டுத் துலக்கிச் சந்தனம் இட்டு வைப்பார்.

சென்ற ஆண்டு எங்கள் வக்கீல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எதிர்த் தரப்பார் ராஜிக்கு வருகிறார்கள். ஒரு தொகை தருவார்கள். நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வந்தேன். அந்த வாரம் முழுவதும் எனக்கு உறக்கமில்லை. அப்போது எனக்குத் துணையாக வந்தவர் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் இறந்துபோன ஓர் ஆங்கிலேயப் பிரபு. வாசகர்கள் சிரிக்க வேண்டாம். சரித்திரம் படித்தவனுக்குச் சிநேகிதர்கள் இப்படித்தான் வாய்க்கிறார்கள்.

அவர் பெயர் காண்ட் நகரத்து ஜான். லாங்காஸ்டர் கோமகன் என்றும் சொல்வார்கள். கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் "இரண்டாம் ரிச்சர்டு" நாடகம் படித்தவர்களுக்கு அவர் அறிமுகமானவர். மரணப் படுக்கையில் கிடந்துகொண்டு தம் நாட்டின் பெருமையைப் பாடி, அதற்கு வந்த சிறுமையை எண்ணிப் புலம்பும் தேசபக்தக் கிழவர். பரீட்சைக்காக அந்தப் பேச்சை நானும் நெட்டுருப் போட்டவன்தான். ஆனால் பிற்காலத்தில் சரித்திர நூல்களைப் புரட்டியபோது, நாடகத்தில் வராத வேறொரு ஜானைச் சந்தித்தேன். அந்த ஜான் பதினாறு வருஷ காலம், தாம் ஒரு நாளும் ஆளாத ஒரு நாட்டுக்கு அரசர் என்று பட்டம் வைத்துக்கொண்டிருந்தவர்.

இந்த ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பிறந்த வீட்டிலிருந்தே வந்தது என்று சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் மூன்றாம் எட்வர்டு இங்கிலாந்தின் அரசர். அவர் 1340-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரத்தில், தம்மைப் பிரான்சுக்கும் அரசர் என்று பிரகடனம் செய்துகொண்டார். அதே நகரத்தில் அதே ஆண்டு மார்ச் மாதம் பிறந்த குழந்தைதான் ஜான். அந்த ஊர்ப் பெயரை ஆங்கிலேயர் "காண்ட்" என்று உச்சரித்தார்கள். அதுவே பிள்ளைக்கு அடைமொழியாயிற்று. தகப்பனார் சூடிக்கொண்ட பிரெஞ்சுப் பட்டமோ லேசில் இறங்கவில்லை. பிரான்சில் ஒரு சாண் நிலமும் கைவசம் இல்லாத காலத்திலும் இங்கிலாந்தின் அரசர்கள் அதை விடாமல் வைத்துக்கொண்டிருந்து, 1801-இல்தான் ஒருவாறு கைவிட்டார்கள். பட்டத்தைச் சூட்டிக்கொள்ள ஒரு நாள் போதும். இறக்கி வைக்கச் சில சமயம் நானூறு ஆண்டுகளுக்கு மேலும் ஆகிவிடுகிறது.

எட்வர்டுக்குப் பிள்ளைகள் பலர். மூத்தவர், "கறுப்பு இளவரசர்" என்று புகழ் பெற்ற எட்வர்டு. ஜானுக்கு இங்கிலாந்தின் சிம்மாசனம் கிட்டுமென்று எண்ண அப்போது இடமே இல்லை. ஆகவே அவருடைய செல்வமெல்லாம் மனைவியர் வழியாகவே வந்தது. அவர் மணந்த மூன்று சீமாட்டிகளில் ஒருத்தி பட்டாவைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி பட்டத்தைக் கொண்டுவந்தாள்.

முதல் மனைவி லாங்காஸ்டர் கோமகனின் மகள் பிளான்ச். 1359-இல் விவாகம் நடந்தது. 1361-இல் கொள்ளை நோய் மாமனாரைக் கொண்டுபோயிற்று. மறு வருஷம் பிளான்சின் தமக்கையும் சந்ததியின்றி இறந்தாள். லாங்காஸ்டர் ஆஸ்தி முழுவதும் ஜானின் கைக்கு வந்தது. கெனில்வொர்த், லெஸ்டர், பான்டிப்ராக்ட், டட்பரி முதலிய கோட்டைகள். தேம்ஸ் நதிக்கரையில் சவாய் என்ற அரண்மனை. ஆண்டுக்குப் பதினாயிரம் பவுனுக்கு மேல் வருமானம். அரசருக்கு அடுத்தபடியாக இங்கிலாந்தில் அவருக்கு நிகரான செல்வர் இல்லை. பிளான்ச் 1368-இல் இளவயதிலேயே இறந்தாள். அவளை நினைத்து, ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் சாஸர் ஒரு காவியம் பாடினார்.

இரண்டாவது மனைவியின் கதை ஸ்பெயின் தேசத்தில் தொடங்குகிறது. அங்கே காஸ்டீல் ராஜ்யத்தில் பெட்ரோ என்ற அரசன் இருந்தான். கொடுங்கோலன் என்று பெயர் வாங்கியவன். அவனுடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரன் என்ரிக் பிரெஞ்சுக்காரர் உதவியுடன் அவனைத் துரத்தினான். பெட்ரோ ஓடி வந்து கறுப்பு இளவரசரிடம் அடைக்கலம் புகுந்தான். 1367-இல் நாஹெரா என்ற இடத்தில் ஆங்கிலப் படை என்ரிக்கை முறியடித்து, பெட்ரோவை மறுபடியும் சிம்மாசனத்தில் அமர்த்தியது. அந்தப் போரில் ஜானும் முன்னணியில் நின்றார். ஆனால் யுத்தச் செலவைத் திருப்பித் தருவதாகச் சொன்ன பெட்ரோ தரவில்லை. கடனுக்கு ஈடாக அவன் பேயோன் நகரத்தில் ஆங்கிலேயரிடம் விட்டுச் சென்றது எதை என்று நினைக்கிறீர்கள்? தன் புதல்விகளை! 1369-இல் என்ரிக் திரும்பி வந்து, மாண்டியல் என்ற ஊரில் ஒரு கூடாரத்தில் தம்பியைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு முடிசூடிக்கொண்டான். ஈடாக வைத்த பெண்கள் மீட்பாரின்றி நின்றார்கள்.

அவர்களில் மூத்தவளான கான்ஸ்டன்ஸை 1371-ஆம் ஆண்டு ஜான் மணந்தார். அவளுக்குப் பதினேழு வயது. மறு வருஷம் ஜனவரியில், இங்கிலாந்து அரசரின் ஆலோசனைச் சபை சம்மதிக்க, "காஸ்டீலுக்கும் லியோனுக்கும் அரசர்" என்ற பட்டத்தை ஜான் தரித்தார். தம் முத்திரையில் காஸ்டீலின் கோட்டையையும் லியோனின் சிங்கத்தையும் பொறித்துக்கொண்டார். நாடிழந்து வந்த ஸ்பானியர் சிலரைக் கொண்டு தனியே ஒரு கச்சேரி வைத்தார். லண்டன் நகரத்தார் அவரை "ஸ்பெயின் பிரபு" என்று அழைத்தார்கள்.

அந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்தேன். "பெரிய வீட்டார்" என்று எழுதிய கல்யாணப் பத்திரிகை உறைகள் என் கண்முன் நின்றன.

வெறும் பட்டத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் உண்டு. பட்டம் சூடிய அதே ஆண்டு ஜூன் மாதத்தில் லா ரோஷல் துறைமுகத்துக்கு அருகே காஸ்டீல் நாட்டுக் கப்பற்படை ஆங்கிலக் கப்பல்களை நாசம் செய்தது. என்ரிக் பிரான்சின் உற்ற நண்பனாகிவிட்டான். ஆகாமல் என்ன செய்வான்? தன் சிம்மாசனத்தைத் தனதென்று ஒருவன் லண்டனில் உட்கார்ந்துகொண்டு சொல்லும்போது, லண்டனின் பகைவன் எவனோ அவன்தான் இவனுக்கு உறவு. மறு வருஷம், 1373-இல், ஜான் ஒரு பெரும் படையுடன் காலே துறையிலிருந்து பிரான்சைக் குறுக்கே கடந்து போர்டோ வரையில் சென்றார். ஆகஸ்டில் புறப்பட்டவர்கள் டிசம்பரில் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் மலைக் குளிரிலும் பசியிலும் குதிரைகள் மடிந்தன. குதிரை வீரர்கள் கால்நடையாக நகருக்குள் நுழைந்தார்கள். ஒரு முக்கியக் கோட்டையும் பிடிபடவில்லை.

இதற்கிடையில் ஊரில் அவரைப் பற்றிய சந்தேகம் வளர்ந்தது. கறுப்பு இளவரசர் 1376-இல் தகப்பனாருக்கு முன்பே இறந்தார். 1377-இல் அவருடைய மகன் ரிச்சர்டு பத்து வயதில் அரசனானான். பக்கத்தில் செல்வமும் சேனையும் உடைய சித்தப்பா; அதிலும் அரசப் பட்டத்துக்கு ஏங்குபவர் என்று உலகறிந்தவர். பையனைக் கொன்றுவிட்டுச் சிம்மாசனத்தில் ஏறிவிடுவார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவர் கடைசி வரையில் ரிச்சர்டுக்குத் துரோகம் நினைக்கவில்லை. ஆனால் ஒரு கிரீடத்துக்கு ஆசைப்படுகிறவன் இன்னொரு கிரீடத்துக்கு ஆசைப்படமாட்டான் என்று ஊரார் எப்படி நம்புவார்கள்?

1381-இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஜான் என்ற பெயருடைய அரசன் தங்களுக்கு வேண்டாம் என்று ஆணையிட்டுக்கொண்டார்கள். ஜூன் மாதம் 13-ஆம் தேதி சவாய் அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் அல்ல அவர்கள். பொன்னையும் வெள்ளியையும் நொறுக்கி நதியில் எறிந்தார்கள். ஒரு வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்துக்கொண்ட தங்கள் ஆளையே நெருப்பில் தள்ளினார்கள். கோமகன் கையில் அகப்படாததால் அவருடைய விலையுயர்ந்த மேலங்கியை ஈட்டியில் மாட்டி அதன்மேல் அம்பெய்தார்கள் என்று அக்காலத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அப்போது ஜான் வடக்கே ஸ்காட்லாந்து எல்லையில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். வடநாட்டு ஆங்கிலப் பிரபுவே தம் கோட்டையில் அவருக்கு இடம் கொடுக்க மறுத்தார். காஸ்டீலின் அரசர் கடைசியில், எதிரிகளான ஸ்காட்லாந்துக்காரரிடம் எடின்பரோவில் அடைக்கலம் புக வேண்டியதாயிற்று.

ஆனாலும் பட்டம் இறங்கவில்லை. 1385-இல் அல்ஜுபரோட்டா என்ற இடத்தில் போர்ச்சுகல்காரர் காஸ்டீல் படையை முறியடித்தார்கள். காற்று திரும்பிவிட்டது என்று ஜான் நினைத்தார். பார்லிமெண்டு பணம் கொடுத்தது. ரோமாபுரிப் போப்பாண்டவர் அதைச் சிலுவைப் போர் என்று ஆசீர்வதித்தார். அரசன் ரிச்சர்டு சித்தப்பாவுக்கு ஒரு பொற்கிரீடமே பரிசளித்து வழியனுப்பினான். 1386 ஜூலையில் மனைவி மக்களுடன் கப்பலேறி, 25-ஆம் தேதி ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் லா கொருன்யாவில் இறங்கினார். கலீசியாப் பிரதேசம் பணிந்தது. ஒரென்சே என்ற சிற்றூரில் குளிர்காலம் முழுவதும் அரசசபை நடத்தினார். மகள் பிலிப்பாவைப் போர்ச்சுகல் அரசர் ஜோவானுக்கு மணம் செய்து கொடுத்தார். 1387 வசந்தத்தில் மருமகனோடு சேர்ந்து லியோனுக்குள் புகுந்தார். என்ரிக்கின் மகன் ஹுவான் அப்போது அரசன். அவன் போருக்கே வரவில்லை. கிராமங்களைக் காலி செய்து, தானியத்தை எடுத்துக்கொண்டு, கோட்டைகளை அடைத்துக்கொண்டான். வெயிலும் சீதபேதியும் அவனுக்காகப் போர் செய்தன. "நம் அரசர் வந்துவிட்டார்" என்று காஸ்டீலில் ஒருவரும் எழுந்து வரவில்லை. அவருடைய சொந்த வீரர்கள் எதிரியிடமே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

அப்போதுதான், நாற்பத்தேழு வயதில், ஜான் ராஜிக்கு இணங்கினார். எனக்கும் இப்போது ஏறக்குறைய அந்த வயதுதான்.

1388 ஜூலையில் பேயோன் நகரத்தில் உடன்படிக்கை முடிந்தது. முன்னொரு காலத்தில் பெட்ரோ தன் பெண்களை ஈடு வைத்த அதே நகரம். ஜானும் கான்ஸ்டன்ஸும் காஸ்டீல் பாத்தியதையை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாக 6,00,000 பொன் பிராங்குகள். மேலும் இருவர் ஆயுள் உள்ளவரை ஆண்டுதோறும் 40,000. கோவேறு கழுதைகள் பெட்டி பெட்டியாய்ப் பொன் சுமந்து வந்ததைச் சரித்திரக்காரர்கள் வர்ணிக்கிறார்கள். எனக்குப் பணத்தைவிட முக்கியமாய்த் தோன்றியது மற்றொரு ஷரத்து. இவர்களுடைய மகள் காடலீனாவை ஹுவானின் மகன் என்ரிக்குக்கு மணம் செய்விப்பது என்பது அது. மாப்பிள்ளைக்கு ஒன்பது வயது நிரம்பவில்லை. பெண் சில வயது மூத்தவள். இருந்தாலும் விவாகம் நடந்தது. கொன்றவனின் பேரனும் கொல்லப்பட்டவனின் பேத்தியும் ஒரே சிம்மாசனத்தில் அமர வழி பிறந்தது. இன்னொன்றும் சொல்கிறார்கள். தம் முடிசூட்டு விழாவுக்கென்று ஜான் வைத்திருந்த பொற்கிரீடத்தைக் கான்ஸ்டன்ஸ் எடுத்துக்கொண்டு போய்த் தன் கையாலேயே ஹுவானிடம் கொடுத்தாளாம். தகப்பனைக் கொன்றவனின் மகனிடம் அந்தக் கிரீடத்தை நீட்டியபோது அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஜான் இழந்தது ஒரு பட்டத்தை. அவள் விட்டுக்கொடுத்ததோ பிறந்த வீட்டை.

பதினாறு வருஷம் போரிட்டுப் பெற முடியாததை அந்த விடுதலைப் பத்திரம் பெற்றுத் தந்தது. காடலீனாவின் மகன் காஸ்டீலை ஆண்டான். மகனுடைய மகள்தான் 1492-இல் கொலம்பஸை அனுப்பிய இஸபெல்லா ராணி. போர்ச்சுகலுக்குப் போன பிலிப்பாவின் மகன் "கடலோடி ஹென்றி". அவளுடைய கொள்ளுப்பேரன் மனுவேல் அரசன். 1497-இல் வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுக்கு அனுப்பியவன் இந்த மனுவேல்தான். கப்பல் திரும்பி வந்ததுமே அவன் எதியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் கடற்செலவுக்கும் வாணிகத்துக்கும் வெற்றிக்கும் தலைவன் என்று ஒரு நீண்ட பட்டத்தைச் சூடிக்கொண்டான். கொள்ளுப் பாட்டியின் தகப்பனாருடைய குணம் எங்கே போகும்? ஆனால் அவர் பட்டத்துக்குப் பின்னால் போதிய படை இல்லை; இவன் பட்டத்துக்குப் பின்னால் பீரங்கிக் கப்பல்கள் வந்தன. இந்தியாவின் பெயரால் அந்நியர் சூடிய பட்டங்கள் ஒன்றிரண்டல்ல. 1876-இல் விக்டோரியா ராணிக்கென்று சட்டம் செய்து அளித்த சக்கரவர்த்தினிப் பட்டத்தை, நாடு விடுதலை பெற்று பத்து மாதங்கள் கழிந்த பிறகு, 1948 ஜூனில்தான் அவருடைய கொள்ளுப்பேரர் விட்டார்.

இவ்வளவும் எண்ணிப் பார்த்து, "விட்டுக்கொடுப்பதே விவேகம்" என்று நான் உடனே முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஏனென்றால் ஜானின் கதைக்கு ஒரு பின்பாகம் இருக்கிறது. 1399 பிப்ரவரி 3-ஆம் தேதி லெஸ்டர் கோட்டையில் அவர் இறந்தார். மகன் ஹென்றி அப்போது நாடு கடத்தப்பட்டிருந்தான். தகப்பனாரின் ஆஸ்தி அவனுக்குத்தான் சேரும் என்று வாக்களித்திருந்த ரிச்சர்டு, அடுத்த மாதமே லாங்காஸ்டர் நிலம் முழுவதையும் பறித்துக்கொண்டான். இங்கிலாந்தில் நிலமுள்ளவர் ஒவ்வொருவருக்கும் அடிவயிறு கலங்கிற்று. லாங்காஸ்டரின் பட்டாவே செல்லாது என்றால் மற்றவருடைய பட்டா என்ன கதி? ஜூலையில் ஹென்றி சிறு கூட்டத்துடன் வந்து இறங்கி, "என் தகப்பன் சொத்தைக் கேட்கவே வந்தேன்" என்றான். நாடு அவன் பக்கம் திரண்டது. செப்டம்பர் முடிவதற்குள் அவன் நான்காம் ஹென்றியாகிச் சிம்மாசனத்தில் அமர்ந்தான். பட்டாவில் கை வைத்தவனுக்குப் பட்டமே போயிற்று. லாங்காஸ்டர் ஆஸ்தி இன்றைக்கும் இங்கிலாந்து அரசரின் கைவசம் தனிச் சொத்தாகவே இருந்து வருகிறது.

ஆகவே, நியாயமான உரிமையை அற்பமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகப்பனார் கேட்டது காஸ்டீலா, லாங்காஸ்டரா? இதுதான் அந்த வாரம் முழுவதும் என்னை அரித்த கேள்வி. லாங்காஸ்டர் என்றால் உயிருள்ளவரை போராட வேண்டியதுதான். காஸ்டீல் என்றால்?

கடைசியில் என் தாயாரிடம் கேட்டேன். "அப்பா அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருந்தார்?" என்றேன். "பதினாலு வயசு வரைக்கும்" என்றாள். பிறகு சற்றுப் பொறுத்து, "அவருக்கு வேண்டியது வீடு இல்லேடா. உன் பெரியப்பா கூடப்பிறந்தவன் என்று ஒரு வார்த்தை சொல்லி உள்ளே கூப்பிட்டிருந்தால் கேஸே போட்டிருக்க மாட்டார்" என்றாள். பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளின் பெயர்கூட என் குழந்தைகளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெரியப்பா மகனைப் பல வருஷங்களுக்குப் பிறகு அருகில் பார்த்தேன். தலை முழுதும் நரைத்திருந்தது. கையெழுத்தும் விரல் ரேகையும் வைத்தோம். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, சட்டைப் பையிலிருந்து அந்தப் பித்தளைச் சாவியை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பூட்டை மாற்றி முப்பது வருஷம் ஆயிற்றே, தம்பி" என்றார்.

"தெரியும், அண்ணா" என்றேன்.

அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "தைக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வா. அம்மாவையும் அழைத்து வா" என்றார்.

போனோம். வாசற்கதவு புதியது, திண்ணை மட்டும் பழையது. உள்ளே பூஜை அலமாரியில் அந்தச் சாவி சந்தனப் பொட்டுடன் இருந்தது.